பாட்டு, கேம், வெளிச்சத்தம்: மூண்டுக்கும் ஒரே ஹெட்போன் கிடைக்குமோ?

வணக்கம் உறவுகளே, 40,000 ரூபாய்க்குள்ள காதை முழுசா மூடுற ஹெட்போன் ஒண்டு பாக்கிறன். ஏஎன்சி (எதிர் ஒலி விட்டு வெளிச்சத்தத்தைக் குறைக்கிற வசதி) எண்டது ஜெனரேற்றர், ஃபேன் மாதிரி சீரான இரைச்சலைத்தான் நல்லா வெட்டும். கோயில் லவுட்ஸ்பீக்கரை மறிக்கிறதுக்குக் காதைச் சுத்தி வாற குஷன் இறுக்கமா ஒட்டவேணும். நான் கண்ணாடி போடுறனான். கண்ணாடிக் கால் இடையில நுழைஞ்சா சத்தம் உள்ள வரும், பேஸும் (அடித்தொனி) குறையும்.

கேமுக்குச் சாதாரண புளூடூத் சரிவராது: வெடிச்சத்தம் 200 மில்லிசெக்கன் அளவில பிந்தும், மைக்கைப் போட்டா ஒலித்தரமும் இறங்கும். அதால 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிள் (யூஎஸ்பியில குத்துற சின்ன வயர்லெஸ் துண்டு), இல்லாட்டி 3.5 மில்லிமீற்றர் வயர் வேணும். (வயர் குத்தினா ஏஎன்சி நிக்கிற மொடலும் இருக்கு.)

யாழ்ப்பாண ரவுணுக்குள்ள காதில போட்டுப் பாக்க விடுற கடை எது? எங்கட வெக்கைக்கு லெதர் மாதிரிக் குஷன் உரிஞ்சிடும், துணி எண்டா சத்தம் கசியும். குஷன் தனிய மாத்தக்கூடிய மொடல் ஆராவது பாவிக்கிறியளோ?