பாதரசக் குழாயா, புற ஊதா எல்.இ.டி.யா: குடிநீருக்கு எது சிக்கனம்?

பொருநைக்கரை:
வண்ணார்பேட்டையில் எங்கள் குடியிருப்புக் குடிநீருக்கு 40 வாட் புற ஊதா விளக்கு இரவும் பகலும் எரிகிறது. தெருவிளக்கெல்லாம் எல்.இ.டி.யாகிவிட்டது. இது மட்டும் ஏன் இன்னும் பாதரசக் குழாய்? மாற்றினால் கரண்டு மிச்சமாகும் என்று சங்கத்தில் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அம்பை மின்வினைஞர்:
அண்ணாச்சி, தெருவிளக்குக் கணக்கு இதற்குப் பொருந்தாது. நல்ல நீல எல்.இ.டி. வாங்குகிற மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஒளியாக்கும். கிருமியைக் கொல்லும் 265 - 280 நானோமீட்டர் அலைநீள எல்.இ.டி.யில் பெரும்பாலும் ஒற்றை இலக்க விழுக்காடுதான், மிச்சமெல்லாம் சூடு. குறைந்த அழுத்தப் பாதரசக் குழாய் 254 நானோமீட்டரில் 30 முதல் 40 விழுக்காடு தருகிறது. 35 என்று வைத்தால் உங்கள் விளக்கில் 14 வாட் புற ஊதா. அதையே 5 விழுக்காட்டு எல்.இ.டி.யில் எடுக்க 280 வாட் வேண்டும். இதில் எங்கே மிச்சம்?

பொருநைக்கரை:
நீலமும் ஒரு காலத்தில் மங்கல்தானே? அதைத் திறனுள்ளதாக்கியதற்குத்தானே 2014-இல் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் நோபல்? அப்புறம், 265 நானோமீட்டரைக் கிருமியின் டி.என்.ஏ. 254-ஐவிட நன்றாக உறிஞ்சும்.

அம்பை மின்வினைஞர்:
உறிஞ்சும். ஏழு மடங்கை ஈடுகட்டுகிற அளவுக்கு இல்லை.

பாளை படிப்பாளி:
நீலத்தோடு ஒப்பிடுவது பாதிதான் சரி. அது காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியில் கொஞ்சம் இண்டியம் சேர்த்து வருவது. புற ஊதாவின் குறைந்த அலைநீளத்துக்கு இறங்க அலுமினியத்தைக் கூட்டியாக வேண்டும். கூட்டக் கூட்ட, எல்.இ.டி.க்குள் நேர்மின்னூட்டத்தைக் கொண்டுவரும் பி-வகை அடுக்கில் மின்சாரம் ஓடவே மறுக்கும். அதற்காக மேலே காலியம் நைட்ரைடு பூசினால், அந்தப் பூச்சே புற ஊதாவை விழுங்கிவிடும். பயிரை வேலியே மேய்கிற கதை. நீலக்கல் தகட்டில் வளர்க்கும் படிகத்தில் குறைகளும் அதிகம், அங்கேயும் ஆற்றல் வெப்பமாகிவிடும். தப்பிப் பிழைத்த ஒளியிலும் பெரும்பங்கு மேற்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்புகிறது. ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவது இவற்றோடுதான்.

ஜங்ஷன் தண்ணீர்க்காரன்:
எல்லாரும் விளக்கையே பார்க்கிறீர்கள், அது எரிகிற நேரத்தை யாரும் பார்க்கவில்லை. குழாய் சூடேற ஓரிரு நிமிடம் ஆகும், அடிக்கடி போட்டு அணைத்தால் ஆயுள் குறையும், அதனால்தான் அணைக்காமல் விடுகிறோம். எல்.இ.டி. போட்டதும் எரியும். ஏழு மடங்கு கரண்டு தின்றாலும், 24 மணியை ஏழால் வகுங்கள்: தண்ணீர் நாளுக்கு மூன்றேகால் மணி மட்டும் ஓடினால் எல்.இ.டி.தான் லாபம்.

பொருநைக்கரை:
அப்படிப் போடுங்கள்! எங்களுக்குக் காலை இரண்டு மணி, மாலை ஒரு மணிதான் மோட்டார் ஓடும்.

அம்பை மின்வினைஞர்:
என்ன வே, மூன்று மணி நேரம்தான் என்றால் குழாயையே டைமரில் போடலாமே? மோட்டாருக்கு ஐந்து நிமிடம் முன்னால் எரியட்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை போடுவதால் குழாய் ஒன்றும் செத்துவிடாது. 280 வாட் எங்கே, 40 எங்கே? அடிக்கொரு தடவை திறந்து மூடும் வீட்டுக் குழாயென்றால் ஜங்ஷன்காரர் சொல்வது சரி, தொட்டிக்குச் சரிவராது.

ஜங்ஷன் தண்ணீர்க்காரன்:
டைமர் பழுதாகி விளக்கு எரியாமல் மோட்டார் ஓடினால்? விளக்கு எரிந்தால்தான் மோட்டார் ஓடும்படி ரிலே வையுங்கள். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடி உறையில் படியும் உப்பையும் துடையுங்கள், பாதி விளக்கு அங்கேதான் வீணாகிறது. ஐப்பசியில் ஆறு கலங்கும்போது வடிகட்டி சரியில்லையென்றால் எந்த விளக்கும் உதவாது.

பொருநைக்கரை:
பாதரசத்தை மறந்துவிட்டீர்கள். அதைக் குறைக்கத்தான் மினமாட்டா ஒப்பந்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. குழாய் உடைந்தால் யார் அள்ளுவது?

அம்பை மின்வினைஞர்:
அதைப் பேசுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கரண்டு மிச்சம் என்று மட்டும் சங்கத்தில் சொல்லாதீர்கள்.