ஹோட்டலை அல்ல, டவரைத் தேர்ந்தெடுங்கள்: லாஸ் வேகாஸ் தீம் ஹோட்டல் அனுபவங்கள்

லாஸ் வேகாஸில் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் 'ஸ்ட்ரிப்' சாலையில் ரூம் போடும் பலர் ஹோட்டல் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். எந்த டவர், எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். ஒரே ஹோட்டலுக்குள் இரண்டு டவர்கள் இரண்டு வெவ்வேறு ஹோட்டல்கள் மாதிரி இருக்கும்.

லக்ஸரை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் திறந்த 30 மாடிக் கறுப்புக் கண்ணாடிப் பிரமிடு. பிரமிடுக்குள்ளேயே தங்க ஆசைப்பட்டால், ரூமின் வெளிச்சுவர் சாய்வாகத்தான் இருக்கும். ஜன்னலை ஒட்டி நிமிர்ந்து நிற்க முடியாது, அந்த இடம் வீண். லிஃப்டும் நேராக ஏறாது. மூலையை ஒட்டி 39 டிகிரி சாய்வில் போகும், அதற்கு 'இன்க்ளினேட்டர்' என்று பெயர். கிளம்பும்போதும் நிற்கும்போதும் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும், தலைசுற்றல் உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். ரூம் கதவைத் திறந்தால் திறந்த நடைபாதை, எட்டிப் பார்த்தால் கீழே கூடம். கீழ்மாடிகளுக்கு அந்தக் கூடத்தின் சத்தம் ராத்திரியிலும் வரும். நேர்ச்சுவர், அமைதி, குளியல் தொட்டி எல்லாம் வேண்டுமென்றால் பின்னால் கட்டிய டவர்களில் கேளுங்கள். இன்னொன்று, உள்ளே இருந்த எகிப்து அலங்காரத்தில் பெரும்பகுதியை 2000-களின் கடைசியிலேயே எடுத்துவிட்டார்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

வெனிஷியன் (1999) இதற்கு நேர்மாறு. எல்லாமே சூட்கள்தான், அதாவது உட்காரும் இடமும் சேர்ந்த பெரிய ரூம்கள். சாதாரண சூட்டே ஏறக்குறைய 650 சதுர அடி. ஆனால் கட்டில் இருக்கும் இடத்திலிருந்து உட்காரும் இடத்துக்கு இரண்டு படி இறங்க வேண்டும். இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்திருக்கும் பெரியவர்களும் ஓடித் திரியும் குழந்தைகளும் தடுக்கி விழுவது அங்கேதான். படி இல்லாத சூட் வேண்டுமென்றால் ரூம் போடும்போதே சொல்லிவிட வேண்டும். ஹோட்டல் கால்வாயில் ஓடும் வெனிஸ் பாணிப் படகான கொண்டோலாவில் 4 பேர் உட்காரலாம். இரண்டு பேர் தனியாகப் போக வேண்டுமென்றால் 4 இருக்கைக்கும் பணம் கட்ட வேண்டும். காற்று பலமாக அடித்தால் வெளிப்பக்கப் படகுகளை நிறுத்திவிடுவார்கள். கூரையில் வானம் வரைந்திருக்கும் உள்பக்கக் கால்வாய்க்கு அந்தப் பிரச்சினை இல்லை.

* * *

பாட்டுக்கேற்ப ஆடும் நீரூற்றுக்காகவே பெலாஜியோ ஹோட்டலில் ரூம் எடுக்கிறவர்களுக்கு: அது இருக்கும் ஏரி சுமார் 8.5 ஏக்கர், பீச்சும் குழாய்கள் 1,200-க்கு மேல். ஏரிப் பக்க ரூமுக்குத் தனி விலை. ஜன்னல் திறக்காது, அதனால் பாட்டு வெளியிலிருந்து கேட்காது. டிவியில் அதற்கென்று ஒரு சேனல் உண்டு, அதைப் போட்டால் தண்ணீரும் இசையும் சேர்ந்துவரும். வெளிக்காற்றோடு பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் காஸ்மோபாலிட்டனில் ஏரியைப் பார்த்த பால்கனி ரூம் கேளுங்கள். ஸ்ட்ரிப்பில் திறந்த பால்கனி கிடைப்பது அபூர்வம். எதிரே பாரிஸ் ஹோட்டலின் ஈஃபிள் கோபுரம், அசலில் பாதி அளவு, 165 மீட்டர். அதன் மேலிருந்து பார்த்தால் ஏரி முழுதாகத் தெரியும். காற்று அதிகமான நாளில் நீரூற்றும் ரத்தாகும், ஒரே ஒரு ராத்திரியை நம்பி இருக்க வேண்டாம்.

எந்த ஹோட்டலானாலும் செக்-இன் கவுன்டரில் கேட்க வேண்டியது ஒன்று: பக்கத்து ரூமுக்குப் போகும் உள்கதவு இல்லாத ரூம். அந்தக் கதவுகள் மெல்லியவை, அடுத்த ரூம் பேச்சு அப்படியே கேட்கும்.

* * *

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், மனஸ்தாபம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

ரிசார்ட் ஃபீ என்பது ரூம் வாடகைக்கு மேல், ஒவ்வொரு ராத்திரிக்கும், கட்டாயம். நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் தொடாவிட்டாலும் கட்ட வேண்டும். ஸ்ட்ரிப்பில் ரூம் வரி 13.38 சதவீதம், அது ஃபீக்கும் சேர்த்துத்தான். வாடகை 80 டாலர், ஃபீ 50 டாலர் என்று வையுங்கள். 130-க்கு வரி 17.39, ஆக 147.39. 80 டாலர் ரூம் என்று நினைத்து வந்தவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டுகிறார். 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்துத்தான் விலை காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசின் விதி வந்திருக்கிறது, நல்ல மாற்றம். ஆனாலும் வரியைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டலாம், அதனால் கடைசித் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

செக்-இன்னில் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், ரூமைக் காலி செய்த பிறகும் திரும்ப வரச் சில நாள் ஆகும்.

ரூமிலேயே விலைக்கு பானங்கள் வைத்திருக்கும் சின்ன ஃப்ரிட்ஜான மினிபாரில் பல இடங்களில் சென்சார் இருக்கிறது. பாட்டிலைத் தூக்கிச் சில விநாடி கையில் வைத்திருந்தாலே பில்லில் ஏறிவிடும். உங்கள் பாலையோ மருந்தையோ உள்ளே வைக்க இடம் ஒதுக்கினாலும் அதே கதை. இன்சுலின் மாதிரி மருந்து வைத்திருப்பவர்கள் தனி ஃப்ரிட்ஜ் கேட்க வேண்டும். காலி செய்வதற்கு முந்தின ராத்திரியே டிவியிலோ ஆப்பிலோ பில்லைப் பாருங்கள். தவறாக ஏறிய தொகையைக் கவுன்டரில் நேரில் சொன்னால் பெரும்பாலும் உடனே எடுத்துவிடுவார்கள், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அதே வேலை வாரக்கணக்கில் இழுக்கும்.

பல ரூம்களில் வெந்நீர் கெட்டில் கிடையாது. 230 வோல்ட் கெட்டிலைக் கொண்டுபோனால் அங்குள்ள 120 வோல்ட்டில் கால்பங்கு சூடுதான் ஏறும், தண்ணீர் கொதிக்க அவ்வளவு நேரம் ஆகும். இரண்டு வோல்ட்டேஜிலும் ஓடும் சின்னக் கெட்டிலாகப் பாருங்கள்.

* * *

கேசினோ தளத்தைப் பற்றி. ரூமிலிருந்து தெருவுக்குப் போகிற வழியே அதன் ஊடாகத்தான். 21 வயது ஆகாதவர்கள் கடந்து போகலாம், சூதாட்ட மெஷின் பக்கத்தில் நிற்கக் கூடாது. குழந்தையோடு நின்று வேடிக்கை பார்த்தால் பாதுகாவலர் வந்து நகரச் சொல்வார். சிகரெட் புகையும் உண்டு. புகையே ஆகாதவர்களுக்கு பார்க் எம்ஜிஎம் ஹோட்டல் முழுக்கப் புகைக்குத் தடை.

ஆட உட்கார்ந்தால் பணத்தை ஆட்டத்தை நடத்தும் டீலர் கையில் நீட்டாதீர்கள், வாங்க மாட்டார். மேஜைத் துணிமேல் வையுங்கள். பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜையில் எழுதியிருப்பதைப் படித்த பிறகு உட்காருங்கள். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால், '3-க்கு 2' மேஜையில் 10 டாலருக்கு 15 கிடைக்கும், '6-க்கு 5' என்றால் 12-தான். அந்த ஒரு மாற்றமே ஹோட்டலின் சாதகத்தை, அதாவது பந்தயத்தில் சராசரியாக ஹோட்டலுக்குப் போகும் பங்கை, ஏறக்குறைய 1.4 சதவீதம் கூட்டிவிடும். எண் சக்கரத்தில் பந்து உருட்டும் ரூலெட்டில் ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் சாதகம் 2.70 சதவீதம், இரட்டையில் 5.26, மூன்று பூஜ்யத்தில் 7.69. மூன்று பூஜ்ய மேஜையில் உட்கார எந்தக் காரணமும் இல்லை.

ஆடுகிறவர்களுக்கு ஹோட்டல் தரும் 'இலவச ரூம்' எப்படி வருகிறது என்பதும் கணக்குத்தான். சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், ஹோட்டலின் சாதகம், இவற்றைப் பெருக்குவார்கள். 25 டாலர், 60 ஆட்டம், 4 மணி நேரம், 2 சதவீதம் என்றால் உங்களிடமிருந்து ஹோட்டல் எதிர்பார்ப்பது 120 டாலர். அதில் ஒரு பங்குதான் சலுகையாகத் திரும்பும். சலுகைக்காக ஆட்டத்தை நீட்டுகிறவர் சலுகையை விடப் பெரிய தொகையைக் கொடுத்துவிட்டுத்தான் அதை வாங்குகிறார். வெளிநாட்டவருக்கு ஸ்லாட் மெஷினில் பெரிய பரிசு விழுந்தால் 30 சதவீத வரியை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம், பாஸ்போர்ட் கேட்பார்கள்.

* * *

தூரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கட்டடங்கள் பிரம்மாண்டமாக இருப்பதால் அடுத்த ஹோட்டல் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். ஸ்ட்ரிப் மொத்தம் ஏறக்குறைய 6.8 கிலோமீட்டர். பெரிய சந்திப்புகளில் சாலையைக் கடக்கவே படியேறிப் பாலத்தில் போக வேண்டும். கோடையில் 40 டிகிரிக்கு மேல் வெயில், வறண்ட காற்றில் வியர்வை தெரியாது, தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்காலிபர் மூன்றுக்கும் இடையே இலவச டிராம் ஓடுகிறது. எம்ஜிஎம் கிராண்டிலிருந்து சஹாரா வரை மோனோரயில் உண்டு, ஆனால் நிலையங்கள் ஹோட்டல்களின் பின்பக்கம். விமான நிலையத்துக்கு அது போகாது. டாக்சியைத் தெருவில் கைகாட்டி நிறுத்த முடியாது, ஹோட்டல் வாசல் வரிசையில்தான் ஏற வேண்டும். ஆப்பில் கூப்பிடும் கார்களுக்குத் தனி இடம், பல ஹோட்டல்களில் அது பார்க்கிங் கட்டடத்துக்குள் இருக்கும். விமானம் பிடிக்கும் நாளில் ரூமிலிருந்து அந்த இடத்துக்கு நடக்க மட்டும் 15 நிமிடம் ஒதுக்குங்கள்.