அப்பாவின் ஸ்டென்ட்: குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

செல்வி 8.12
அப்பாவுக்கு ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சோதனை) முடிந்தது. மணிக்கட்டு வழியாகத்தான் செய்தார்கள். 2014இல் குழாயைத் திறந்து வைக்க வைத்த கம்பி வலை, அதான் ஸ்டென்ட், அதற்குள்ளேயே குழாய் மறுபடி சுருங்கியிருக்கிறது. வேறு இரண்டு குழாய்களில் புது அடைப்பு.

குமார் 8.14
ஸ்டென்ட் வைத்தால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்றார்களே அக்கா?

செல்வி 8.15
யாரும் சொல்லவில்லை. நாமாக நினைத்துக்கொண்டோம். உள்ளே தழும்பு மாதிரி சதை வளரும், கொழுப்பும் படியும்.

அம்மா 8.19
புளோக்கிலிருந்து பஸ் ஸ்டாப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். கேட்டால் ஷூ லேஸ் கட்டுகிறாராம். போட்டிருப்பது செருப்பு.

கலா சித்தி 8.21
*பல முறை பகிரப்பட்டது*
இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சைடர் வினிகர் காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரையும்!!

செல்வி 8.22
சித்தி, ரசத்துக்கு வேண்டுமானால் ஆகும். அடைப்பைக் கரைக்காது.

குமார் 8.24
அப்போ மறுபடி ஸ்டென்ட்டா?

செல்வி 8.31
பழைய இடத்துக்கு மருந்து பூசிய பலூன் போதும் என்கிறார் டாக்டர். விரித்து, மருந்தைத் தடவிவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். கம்பி வலைக்குள் இன்னொரு வலை வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரை இருந்து மூன்று குழாயும் அடைத்தால் பைபாஸ்தான் (அடைப்பைத் தாண்டி வேறு குழாயை இணைக்கும் அறுவை) நீண்ட நாள் தாங்கும். மார்புக்குள் இருக்கும் தமனியை எடுத்து இணைத்தால் பத்து வருடம் கழித்தும் பெரும்பாலும் திறந்திருக்கும். காலிலிருந்து எடுக்கும் ரத்தக் குழாய் அவ்வளவு உழைக்காது.

குமார் 8.33
79 வயதில் நெஞ்சைத் திறப்பதா!

செல்வி 8.36
அதற்குத்தான் கிட்னி, நுரையீரல், நடை எல்லாம் பார்க்கிறார்கள். அறுவை டாக்டரும் ஸ்டென்ட் டாக்டரும் சேர்ந்து பேசி வியாழக்கிழமை சொல்வார்கள். மாத்திரை மட்டும் என்பதும் ஒரு வழி. வலி கூடாமல் ஒரே மாதிரி இருப்பவர்களை 2020இல் வெளியான இஸ்கீமியா என்ற ஆய்வில் ஒப்பிட்டார்கள். உடனே ஸ்டென்ட், பைபாஸ் செய்ததால் உயிரிழப்பு குறையவில்லை, நெஞ்சு வலிதான் குறைந்தது. ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டுமே. எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 1.4க்குக் (மில்லிமோல்/லிட்டர்) கீழே இருக்க வேண்டும், அப்பாவுக்கு 3.3.

குமார் 8.37
கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை போடுகிறார்தானே?

அம்மா 8.40
டப்பாவைத் திறந்து பார்த்தேன். இரண்டு மாத மாத்திரை அப்படியே இருக்கிறது.

செல்வி 8.40
😡

அப்பா 8.44
நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். கால் வலித்தது, நிறுத்தினேன். பூண்டுச் சாறு குடித்துவந்தேன்.

கலா சித்தி 8.45
அண்ணா, நான் அனுப்பியது இன்றைக்குத்தான்!

அப்பா 8.46
போன தீபாவளிக்கும் அனுப்பினாய்.

செல்வி 8.48
கால் வலித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் அப்பா. வேறு மாத்திரை இருக்கிறது, அளவையும் குறைக்கலாம். வியாழக்கிழமை நானே கேட்கிறேன். அதுவரை நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் மாத்திரை, 5 நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. ஷூ லேஸ் கதை வேண்டாம்.

அப்பா 8.50
சரி. பைபாஸ் என்றால் தைப்பூசத்துக்கு நடக்க முடியுமா, அதையும் கேள்.