அப்பாவுக்கு ஜீன் டெஸ்ட்ல ஜிபிஎக்ஸ்1 ரிஸ்க்னு வந்திருக்கு, செலினியம் மாத்திரை வாங்கலாமா?

கெடிலம்கரை:
கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ங்க. அப்பாவுக்கு 61, சுகர் வந்து 14 வருஷம். சில்வர் பீச்சுல காலைல ரெண்டு ரவுண்டு போறவரு இப்ப கொஞ்ச தூரம் நடந்தாலே இடது கெண்டைக்கால் இழுத்து புடிக்குதுன்னு நின்னுடறாரு, அஞ்சு நிமிஷம் நின்னா சரியாயிடுது, நடந்தா மறுபடி அதே கதை. ஒரு பிரைவேட் லேப்காரங்க வீட்டுக்கே வந்து எச்சி எடுத்துட்டு போனாங்க. ஜிபிஎக்ஸ்1 ஜீன்ல 198வது எடத்துல ப்ரோலின்ங்கற அமினோ அமிலத்துக்கு பதில் லியூசின், ரத்தக்குழாய் அடைப்புக்கு ரிஸ்க்னு சிவப்புல போட்டிருக்கு. செலினியம், வைட்டமின் ஈ மாத்திரை மாசம் 2,400 ரூபாயாம், நானும் தங்கச்சியும் வேற டெஸ்ட் எடுக்கணுமாம். என்ன பண்றது?

பயோகெம்_பையன்:
ரிப்போர்ட்ல இருக்கறது கட்டுக்கதை இல்ல ப்ரோ. அந்த ஜீன் செய்யறது குளுட்டாதயோன் பெராக்சிடேஸ்னு ஒரு என்சைம், அதுக்கு நடுவுல செலினியம்ங்கற தாது உக்காந்திருக்கும், செல்லுக்குள்ள சேர்ற ஹைட்ரஜன் பெராக்சைடை தண்ணியா மாத்திடும். சுகர் ஏறிட்டே இருந்தா செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியால இந்த மாதிரி கழிவு ஜாஸ்தியா வரும், லியூசின் இருந்து என்சைம் வேகம் கம்மின்னா ரத்தக்குழாயோட உள்சுவர் அடி வாங்கும். 2004ல ஜப்பான்ல டைப் 2 சுகர்காரங்கள பாத்தப்ப லியூசின் உள்ளவங்களுக்கு கழுத்து ரத்தக்குழாய் சுவர் தடிச்சிருந்துச்சு. ஆனா அது ஒரு கூட்டத்துல பாத்த சராசரி, உங்கப்பா கால்ல அடைப்பு இருக்கா இல்லையான்னு அது சொல்லாது.
மாத்திரைக்கு வர்றேன். வைட்டமின் ஈ 400 யூனிட்டை 9,500 பேருக்கு மேல வச்சு நாலரை வருஷம் பாத்த ஹோப்னு ஒரு ஆய்வு 2000ல வந்துச்சு, ஹார்ட் அட்டாக்கும் குறையல ஸ்ட்ரோக்கும் குறையல. செலினியம் அதவிட மோசம், அமெரிக்காவுல தினம் 200 மைக்ரோகிராம் சாப்ட்டவங்களுக்கு சுகர் வர்றது கூடுச்சுன்னு 2007ல போட்டாங்க. ஏற்கனவே சுகர் இருக்கற மனுஷனுக்கு இத விக்கறாங்க பாருங்க!

முத்தியால்பேட்டை_அக்கா:
தம்பி, ஜீனை விடுப்பா, காலைப் பாரு. நான் ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ். நடந்தா புடிக்குது, நின்னா விடுதுன்னா ரத்தம் பத்தலன்னு காலே சொல்லுது. கையிலயும் கணுக்கால்லயும் பிரஷர் எடுத்து வகுத்துப் பாப்பாங்க, ஏபிஐன்னு பேரு, வலி கூட இருக்காது. 0.9க்கு கீழ வந்தா அடைப்புன்னு அர்த்தம். ஆனா சுகர்காரங்களுக்கு குழாய் சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போய் 1.4க்கு மேல பொய்யா காட்டும், அப்ப கால் விரல்ல எடுக்க சொல்லு. பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரின்னா விடிகாலைலயே கிளம்பிடு, ஓபி கூட்டம் தெரியும்ல. அப்பா பீடி குடிப்பாரா? அதச் சொல்லாம விட்டுட்டியே. தினமும் ராத்திரி பாதத்தை கையில தடவிப் பாரு, விரல் இடுக்குல புண்ணு இருக்கும், அவருக்கே தெரியாது.

கெடிலம்கரை:
பீடி உண்டுக்கா. எனக்கு தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்காரு.
நேத்து எடுத்தோம், இடது கால் 0.68. கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் எழுதியிருக்காங்க, வலி வர்ற வரைக்கும் நடந்து, நின்னு, மறுபடி நடக்கணுமாம். லேப்காரர் மூணு தடவ கூப்ட்டாரு, எடுக்கல.

ஓடி_நெத்திலி:
அந்த 2,400க்கு மெத்துன்னு ஒரு சுகர் செருப்பு வாங்கிக் குடுங்க ஐயா, பீச் மணல்ல வெறுங்கால்ல மட்டும் விடாதீங்க.