8 மாதப் பிள்ளையோட வானில யாழ்ப்பாணம்: வழிச் சாப்பாட்டை என்னெண்டு கொண்டு போறது?

வெள்ளவத்தை_லேன்

வாற மாதம் வெள்ளவத்தையில இருந்து வானில கோண்டாவில் போறம். மகளுக்கு 8 மாதம் முடிஞ்சிட்டுது. விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு, புத்தளம், அனுராதபுரம், வவுனியா பிடிச்சு, நிண்டு நிண்டு போக 8, 9 மணித்தியாலம் எண்டு கணக்கு. வீட்டில காலமை குரக்கன் கஞ்சி, மத்தியானம் சோறும் பருப்பும் மரக்கறியும் மசிச்சது, பின்னேரம் பழம். தாய்ப்பால் குடிக்கிறா. இரவில ஒருக்கா பால்மா.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். விடிய 4 மணிக்குச் சமைச்சு பிளாஸ்க்கில போட்டதை 11 மணிக்குக் குடுக்கலாமா? பெட்டியில வாற சீரியல் இல்லாமல், அடுப்பில்லாத இடத்தில கலக்கிக் குடுக்க என்ன இருக்கு? மாமி நெத்தலிப் பொடி போடச் சொல்றா, போடலாமா? அங்க கிணத்துத் தண்ணி. கொதிக்க வைச்சால் காணுமா?

---

அடுப்படி

முதல் கேள்விக்கு மட்டும் வாறன். 4 மணியில இருந்து 11 மணி வரைக்கும் 7 மணித்தியாலம். கடையில விக்கிற சின்ன பிளாஸ்க் கனக்க அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்காது.

சமைச்சது 60 பாகை செல்சியசுக்கு மேல நிண்டால் கிருமி பெருகாது. 5 பாகைக்குக் கீழ நிண்டாலும் பெரும்பாலும் பெருகாது. இளஞ்சூடுதான் கூடாது. சோத்தில பசிலஸ் சீரியஸ் எண்டொரு கிருமி இருக்கு. அதின்ர வித்து அவிச்சாலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில கிடக்கேக்க முளைச்சு நஞ்சு விடும். அந்த நஞ்சில ஒருவகை திருப்பிக் கொதிக்க வைச்சாலும் அழியாது. அதால "மணக்கேல்லை, ஒருக்காச் சூடாக்கிக் குடுப்பம்" எண்ட கதையே வேண்டாம்.

பிளாஸ்க்கைப் பயணத்துக்கு முதல் வீட்டில சோதியுங்கோ. வாய் அகண்ட 500 மில்லிலீற்றர் பிளாஸ்க் நல்லது. கொதிதண்ணி நிரப்பி, மூடி, 10 நிமிசம் வையுங்கோ. அதை ஊத்திப்போட்டு, கொதிச்சுக்கொண்டிருக்கிற சாப்பாட்டைக் கழுத்து வரைக்கும் போட்டு உடன மூடுங்கோ. எத்தினை மணித்தியாலத்துக்குப் பிறகு குடுக்கப்போறியளோ, அத்தினை மணித்தியாலம் திறவாமல் விட்டு, சாப்பாட்டுத் தேர்மோமீற்றரால பாருங்கோ. கேக் சாமான் விக்கிற கடையளில இருக்கும். 60க்குக் கீழ காட்டினால் அந்த பிளாஸ்க்கில அவ்வளவு நேரம் வைக்கேலாது.

கனபேர் விடுற பிழை, பிள்ளை தின்னுற அரைக் கப்பை மட்டும் போடுறது. அரைவாசி வெறுமையாக் கிடக்கிற பிளாஸ்க் கெதியாச் சூட்டை விட்டுடும். நிரப்பிப் போடுங்கோ, மிஞ்சுறதை நீங்கள் சாப்பிடுங்கோ.

500 மில்லிலீற்றருக்கு அளவு: கீரிச் சம்பா 3 மேசைக்கரண்டி, மைசூர்ப் பருப்பு ஒண்டரை மேசைக்கரண்டி, தோல் சீவின பூசணிக்காய் 60 கிராம், கரட் பாதி, தண்ணி 2 கப், ஒரு சிட்டிகை மஞ்சள். உப்பு இல்லை. குக்கரில ஒரு விசில் வந்தாப் பிறகு நெருப்பைக் குறைச்சு 12 நிமிசம். ஆவி தானா அடங்கட்டும். மத்தால கடைஞ்சு, இன்னும் அரைக் கப் கொதிதண்ணி விட்டு, 2 நிமிசம் குமிழி வர விட்டு, நேரே பிளாஸ்க்குக்குள்ள. அந்தக் கடைசி அரைக் கப் ஏனெண்டால், மூடிக் கிடக்கேக்க சோறு தண்ணியை இழுத்துக் கட்டியாகும். இறக்கேக்க கரண்டியால மெல்ல வழுகி விழுற பதத்தில இருந்தால், குடுக்கிற நேரம் சரியான தடிப்புக்கு வந்திருக்கும்.

தேங்காய்ப்பால் விடாதேங்கோ, இதில முதல் பழுதாகிறது அதுதான். நெய்யோ தேங்காயெண்ணெய்யோ ஒரு தேக்கரண்டி விடலாம். முருங்கையிலையும் வேண்டாம். நாலு மணித்தியாலம் சூட்டில மூடிக் கிடந்தால் பச்சை போய்ச் சாம்பல் நிறமாகும், மணமும் மாறும். கீரையை வீட்டில குடுங்கோ.

குடுக்கேக்க வேற கோப்பையில எடுத்துக் குடுங்கோ. பிள்ளையின்ர வாயில பட்ட கரண்டி திரும்பப் பிளாஸ்க்குக்குள்ள போனால் எச்சில் பட்டுச் சாப்பாடு தண்ணியாகும், கிருமியும் போகும். திறந்தால் ஒரே தரம்தான். முறிகண்டியில மிச்சத்தைக் குடுப்பம் எண்டு நினைக்காதேங்கோ.

---

அவல்_பொரி

அடுப்பில்லாத இடத்துக்கு அவல் மா. சீரியல் பெட்டி தேவையே இல்ல.

சிவப்பு அவல் 1 கப். கல், உமி பார்த்துப் புடைச்சு, வெறும் சட்டியில சின்ன நெருப்பில 4 நிமிசம் வறுங்க. விரலால நசிச்சா நொறுங்கணும். நல்லா ஆறினப் பிறகு அரைச்சு, மெல்லிய அரிதட்டால அரிச்சு, ஈரமில்லாத போத்தல்ல போடுங்க. சூட்டோட அரைச்சா மாவுல ஈரம் பிடிச்சுக் கட்டிவிழும், கெதியில பூஞ்சணமும் வரும்.

ஒரு நேரத்துக்கு 3 மேசைக்கரண்டி மாவு, பிளாஸ்க்குல இருந்து முக்கால் கப் சுடுதண்ணி. முதல்ல கொஞ்சமா விட்டுக் குழைச்சிட்டுத்தான் மிச்சத்த விடணும். ஒரேயடியா ஊத்தினா கட்டி. மூடி 5 நிமிசம் விடுங்க. பாதி கோழிக்கூட்டு வாழைப்பழத்தை மசிச்சுச் சேருங்க. இனிப்புக்கு வேற எதுவும் வேணாம்.

ஏன் அவல்? அவிச்சு இடிச்ச நெல்லுங்கிறதால அது ஏற்கெனவே வெந்தது. குரக்கன் மாவையோ அரிசி மாவையோ இப்படிச் சுடுதண்ணி ஊத்திக் குடுக்க முடியாது. அதுகள் அடுப்பில 8, 10 நிமிசம் வேகணும், இல்லாட்டி வயிறு ஊதும். வீட்டுல வறுத்து இடிச்ச சத்துமாவும் அப்படித்தான். வறுத்ததும் வெந்ததும் ஒண்ணில்ல.

வாழைப்பழம் நல்லாப் பழுத்ததா இருக்கட்டும். காய்ப்பதம் மலத்தை இறுக்கும், அதோட வானில ஒரே இருப்பு வேற. பின்னேரத்துக்கு பப்பாப்பழம் நல்லது. வீட்டுல வெட்டாம முழுசாக் கொண்டுபோய்ச் சாப்பிடுற நேரம் வெட்டுங்க.

அவிச்ச முட்டை கொண்டு போற எண்ணம் இருந்தா, ஓட்டோட இருந்தாலும் 2 மணித்தியாலக் கணக்குதான். அவிக்கும்போது ஓட்டுமேல உள்ள காப்புப் படலம் போயிடும். வெளியில 32 பாகைக்கு மேல சூடுன்னா ஒரு மணித்தியாலந்தான். அந்த நேரத்துக்குள்ள குடுத்தாச் சரி, அதுக்கு மேல வேணாம்.

---

கிராம்பு

நெத்தலிப் பொடி பற்றி. கடையில் வாங்கும் காய்ந்த நெத்தலி உப்பில் போட்டு உலர்த்தியது. ஊறவைத்து மூன்று தண்ணீரில் கழுவினாலும் உப்பு முழுவதும் போகாது. ஒரு வயதுக்கு முன் சேர்க்கும் உப்பே வேண்டாம் என்றிருக்கும்போது, அதைப் பொடியாக்கித் தூவுவது உப்பைத் தூவுவதுதான். மாமி சொல்வதில் பாதி நியாயம் உண்டு: ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் இரும்புச்சத்துக் கையிருப்பு குறையும், மீன், முட்டை, இறைச்சி கட்டாயம் வேண்டும். பச்சை நெத்தலியை வாங்கித் தலையும் குடலும் நீக்கி, ஆவியில் 8 நிமிடம் அவித்து, நடுமுள்ளை இழுத்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்து மசியுங்கள். கண்ணை நம்ப வேண்டாம், நெத்தலி முள் விரலுக்குத்தான் தெரியும். பருப்பில் நாலு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து கூடுதலாக உடம்பில் சேரும்.

ஆனால் பிள்ளை இதுவரை மீன் சாப்பிட்டதில்லை என்றால் பயணத்தன்று தொடங்காதீர்கள். புதிய சாப்பாடு எதையும் புறப்படுவதற்கு மூன்று நாளுக்கு முன்னரே நிறுத்திவிடுங்கள். மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் நடுவில் உடம்பில் தடிப்பு எழும்பினால் எதனால் என்று யோசிக்க நேரம் இருக்காது.

ஊரில் சொந்தக்காரர் கையில் பிள்ளை போனதும் நடப்பவையும் இருக்கின்றன: தேத்தண்ணியில் தோய்த்த றஸ்க், பனங்கற்கண்டுத் தண்ணீர், நாக்கில் தேன். தேத்தண்ணி இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. தேனை ஒரு வயது வரை ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்து சின்னப் பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும், தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து அழியாது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வான் நிற்கும்போது எல்லோர் கையிலும் கச்சான் சரை இருக்கும். முழுக் கச்சான் மூச்சுக்குழாயில் போய் நிற்கும். இருக்கை இடுக்கில் விழுந்ததையும் பொறுக்கிவிடுங்கள், தவழும் பிள்ளை அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

---

கிணத்தடி

தண்ணிக் கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் வரேல்லை. அதுதான் இதில பெரிய விசயம்.

கொதிக்க வைச்சால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். மேல போடுற பசளையும் மலசலகூடக் குழிக் கழிவும் மழையோட கெதியா நிலத்தடித் தண்ணிக்கு இறங்கிடும். தோட்டக் காணியளுக்குக் கிட்ட இருக்கிற கிணறுகளில நைத்திரேற்று கூட வாறது அதாலதான். உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதுக்கு மேல உள்ள தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்தால், சின்னப் பிள்ளையின்ர இரத்தம் ஒட்சிசனைச் சரியாக் காவாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தில் பால் குடிக்கிற பிள்ளையளுக்குத்தான் ஆபத்துக் கூட. 8 மாதத்தில குறைவு, ஆனால் தெரியாத கிணறெண்டால் துணியாதேங்கோ. தண்ணியைக் கனநேரம் கொதிக்க விடுறது இன்னும் மோசம்: தண்ணி ஆவியாப் போகும், நைத்திரேற்று அப்படியே சட்டிக்குள்ள நிக்கும், செறிவு கூடும்.

செய்ய வேண்டியது: பால்மா கரைக்கவும் பிள்ளை குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் முத்திரை உடைக்காத போத்தல் தண்ணி. அதையும் ஒருக்காக் கொதிக்க வைக்க வேணும். ஏனெண்டால் பால்மாவே கிருமியில்லாத பண்டம் இல்லை. கரைக்கிற தண்ணி 70 பாகைக்குக் குறையக் கூடாது. வழியிலயும் இதுதான்: மாவை உலர்ந்த டப்பாவில ஒரு நேரத்துக்கு எத்தினை கரண்டியோ அத்தினை அளந்து போடுங்கோ, சுடுதண்ணியை வேற பிளாஸ்க்கில கொண்டு போங்கோ. டின்னில சொன்ன அளவுத் தண்ணி முதல், மா பிறகு. குலுக்கிப்போட்டு, மூடிக்குத் தண்ணி படாமல் ஒரு யக் பச்சைத்தண்ணிக்குள்ள போத்தலை நிறுத்துங்கோ. மணிக்கட்டில ஒரு சொட்டு விட்டால் சுடக் கூடாது. வீட்டில கரைச்ச போத்தலைக் கொண்டு போகவே வேண்டாம். குடிச்ச மிச்சத்தை ஊத்துங்கோ.

இடையில தாகத்துக்கு நேரே தாய்ப்பால். அதுக்குப் பிளாஸ்க்கும் தேவையில்லை, தேர்மோமீற்றரும் தேவையில்லை. கறந்து கொண்டு போறதெண்டால் உறைஞ்ச ஐஸ் பக்கற்றுகளோட ரெஜிபோம் பெட்டியில 24 மணித்தியாலம் வைக்கலாம். பெட்டியை அடிக்கடி திறந்தால் அந்தக் கணக்கு சரிவராது.

பம்பஸ் 6 மணித்தியாலமா நனையாமல் இருந்தால், அழுகையில கண்ணீர் வராட்டில், உச்சிக்குழி உள்ளுக்க போயிருந்தால், ஊருக்குப் போய்ச் சேருமட்டும் பொறுக்காதேங்கோ. புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி நாலிலயும் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கு. பையில ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற உப்புக் கரைசல் தூள்) ரெண்டு பக்கற் வையுங்கோ. பக்கற்றில எழுதின அளவுத் தண்ணியில முழுப் பக்கற்றையும் கரைக்க வேணும், பாதியாப் பிரிச்சுக் கண்மட்டத்தில கரைச்சால் உப்பு ஏறுமாறாகும். தண்ணியா வயித்தால போற ஒவ்வொரு தரத்துக்கும் 50 முதல் 100 மில்லிலீற்றர், கரண்டியால, மெல்ல மெல்ல.

---

பின்சீற்

சாப்பாட்டை விட்டுட்டு ஒரு விசயம். ஓடுற வானில ஊட்டாதேங்கோ. பள்ளத்தில ஒரு குலுக்கு, கரண்டி தொண்டைக்குள்ள. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி, சீற்றில இருந்து தூக்கி, நிமித்தி இருத்தி ஊட்டுங்கோ. பிள்ளைச் சீற் பின்னால பார்த்தபடி, பின் வரிசையில. முன் சீற்றில மடியில வைச்சிருக்கிறது சரியான ஆபத்து. ஊட்டி அரை மணித்தியாலம் கழிச்சு வெளிக்கிட்டால் சத்தியெடுக்கிறது குறையும்.

---

வெள்ளவத்தை_லேன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று பிளாஸ்க்கைச் சோதிச்சன். கொதிதண்ணி ஊத்திச் சூடாக்கி, கழுத்துவரை நிரப்பித்தான் வைச்சது. ஐஞ்சரை மணித்தியாலத்தில 57 காட்டுது. பிளாஸ்க் மாத்த வேணுமா?

---

அடுப்படி

முதல் ரெண்டு விசயம் பாருங்கோ. மூடியின்ர றப்பர் வளையம் ஒழுங்கா இருக்குதா? கழட்டிக் கழுவிப்போட்டு மறுபக்கமாப் போட்டிருந்தால் ஆவி அதாலதான் போகும். மூடின பிளாஸ்க்கைச் சரிச்சுப் பிடிக்க மூடியில ஈரம் கசிஞ்சால் அதுதான் காரணம். அடுத்தது, சட்டியில இருந்து கரண்டி கரண்டியா அள்ளிப் போட்டனீங்களோ? ஒவ்வொரு கரண்டியும் காத்தில ஆறி ஆறித்தான் உள்ளுக்க போகும். வாயுள்ள பாத்திரத்தில கொதிக்க வைச்சு ஒரேயடியாச் சரிச்சு ஊத்துங்கோ.

ரெண்டும் சரியெண்டால் பிளாஸ்க் மாத்தத் தேவையில்லை, நேரத்தை மாத்துங்கோ. சமைக்கிறதை நாலரைக்கு வைச்சு, சோத்தை எட்டரைக்குக் குடுங்கோ. 11 மணிக்கு அவல். வழமையைத் தலைகீழாப் போட்டால் பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது. எட்டரைக்குத் திறந்து முதல் கரண்டி எடுக்கேக்க நல்லா ஆவி பறக்க வேணும். பறக்காட்டில் அதை விட்டுட்டு அவலைக் கரையுங்கோ.

---

அவல்_பொரி

அப்படின்னா அவல் மாவு ரெண்டு நேரத்துக்குக் கட்டுங்க. சுடுதண்ணிப் பிளாஸ்க்கும் பால்மாவுக்கு வேற, அவலுக்கு வேற. ஒண்ணையே அடிக்கடி திறந்தா மத்தியானத்துக்குள்ள 70 பாகை நிக்காது.