ராப் பாடகர் அறிவை முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்?

பெரம்பூரிலிருந்து:
நானே தொடங்குகிறேன். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். "கானா கச்சேரிடா, வா" என்று நண்பன் இழுத்துக்கொண்டு போனான். போனால் மேடையில் 19 பேர், எல்லாரும் சாம்பல் நிற கோட் சூட்டில். சாவு வீட்டு வாசலில் லுங்கியோடு பார்த்துப் பழகிய கானா, இங்கே பறை, சட்டி மேளம், கிட்டாரோடு நிற்கிறது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு அது. அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற தமிழர்'தான் அந்தப் பெயருக்கு மூலம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நடுவில் ஒரு பையன் வந்து ராப் பண்ணினான். பாட்டு மாதிரியே இல்லை, தெருமுனையில் நின்று நியாயம் கேட்கிற மாதிரி இருந்தது. "யார்றா இவன்?" என்றேன். அரக்கோணத்துப் பையனாம். பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதுரையிலிருந்து:
எனக்கு 2019, ஹாஸ்டல் மொட்டை மாடி, 'தெருக்குரல்' ஆல்பம். அதில் வரும் 'கள்ளமௌனி' பாட்டைக் கேட்டுவிட்டு, மெஸ் சண்டை எதிலும் வாயே திறக்காத எங்கள் அறை நண்பனுக்கு அதையே பட்டப்பெயராக வைத்தோம். இன்றைக்கும் அவன் போன் நம்பரை அப்படித்தான் சேமித்து வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவிலிருந்து வந்து அறிவு போட்ட முதல் தனி ஆல்பம் 'தெருக்குரல்' என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் அறிவும் சேர்ந்து செய்தது, பாதிப் பங்கு இசைக்காரருடையது. தனியாக என்றால் எனக்கு 2024-இல் வந்த 'வள்ளியம்மா பேராண்டி'தான்.

கோவையிலிருந்து:
வெட்கமில்லாமல் சொல்கிறேன், 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்த பிறகுதான். அதுவும் கல்யாண மண்டபத்து டிஜே புண்ணியத்தில். எழுதியது யார், பாடியது யார் என்று ஊரே சண்டை போட்டபோதுதான் அறிவு என்ற பெயரே காதில் விழுந்தது.

கூடலூரிலிருந்து:
மேலே மதுரைக்காரர் சொன்ன 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தைப் பற்றித்தான் நானும் எழுத வந்தேன். எங்கள் வீட்டுக்கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களை இங்கே 'சிலோன்காரங்க' என்பார்கள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊர் முகாமில் கிடந்து, கடைசியில் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்த குடும்பம். அங்கேயும் லயம் என்கிற வரிசை வீடு, இங்கேயும் லயம். பள்ளிக்கூடத்தில் சொந்த ஊர் எது என்று கேட்டால் நான் 'கூடலூர்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும், ஒருவன் தனியாக ஆல்பம் போடும்போது தன் பெயரைப் பின்னால் தள்ளிவிட்டு 'வள்ளியம்மாவின் பேரன்' என்று வந்து நிற்பான் என எதிர்பார்க்கவில்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு, பாட்டைப் போடாமல் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இயர்போனை அவர் காதில் வைத்தேன். இரண்டு முறை நழுவி விழுந்தது. மூன்றாவது முறை கையால் பிடித்துக்கொண்டார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், நடுவில் அந்த வெள்ளைப் பொத்தான். ராப் பிடிக்கவில்லை. "ஏன் இப்படி ஓடுறான், யாரு துரத்துறா?" என்றார். 'இது அந்தப் பையனோட ஆயா வள்ளியம்மாவுக்காக, அவங்களும் நம்மள மாதிரி சிலோன்லேருந்து வந்தவங்கதான்' என்று சொன்னேன்.

இயர்போனை எடுத்து மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வள்ளியம்மாவா? எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்னு கேளு."