சிக் ஷாம்பு சாஷே தீர்த்தது யாருடைய தேவையை?

பேரேடு:
இந்த மன்றத்தின் தொழில் பகுதியில் வெற்றிக்கொடி என்பவர் இப்படி எழுதியிருக்கிறார்: "யாரும் கண்டுகொள்ளாத தேவையைக் கண்டுபிடித்து அதற்குப் புதுப் பொருள் செய்பவன்தான் தொழிலதிபர். ஏழை வீட்டில் ஷாம்புவே இல்லாத காலத்தில் சிக் சாஷே, அதாவது சின்னப் பாக்கெட், வந்தது." படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. கேட்பது ஒன்றே ஒன்றுதான். சிக் ஓடாமல் தடுமாறிய நாளில் போட்ட திட்டம் என்ன? எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் சரி, காலிப் பாக்கெட் 5 கொடுத்தால் ஒரு சிக் இலவசம். சிக்கைத் தொடங்கிய ரங்கநாதனே பேட்டியில் சொன்னது. ஷாம்புவே இல்லாத வீட்டில் காலிப் பாக்கெட் எப்படி வந்தது? அந்த அஞ்சு பாக்கெட் யாருடையது?

வெற்றிக்கொடி:
ஆரம்பித்துவிட்டார். ஐயா, சாஷே யோசனை ஒரே நாளில் முளைத்ததல்ல. ரங்கநாதனின் அப்பா சின்னி கிருஷ்ணன் கடலூரில் இருந்துகொண்டு செய்ததைப் பாருங்கள். டால்கம் பவுடர் தகர டப்பாவில் மட்டும் வந்த காலத்தில் அதை 100, 50, 20 கிராம் என்று சின்னதாகப் போட்டு விற்றார். பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு 100 கிராம் பொட்டலமாக வந்ததை 5 கிராம் ஆக்கினார். கூலி வேலை செய்கிறவரும் ரிக்‌ஷா இழுக்கிறவரும் வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இது தேவையைக் கண்டுபிடித்தது இல்லையா?

பேரேடு:
அப்பாவைக் குறை சொன்னது யார்? நீங்கள் எழுதியது சிக். சிக் 1983இல் மகன் 15,000 ரூபாயோடு வீட்டை விட்டு வெளியே வந்து தொடங்கியது. அதற்கு முன்பே அண்ணன்கள் கையில் வெல்வெட் என்ற ஷாம்பு சாஷே இருந்தது. அதாவது தேவையை வெல்வெட் தீர்த்துவிட்டது. சிக் வந்து காலிப் பாக்கெட்டைப் பொறுக்கியது. இதற்குப் பெயர் போட்டி.

கெடிலக்கரையான்:
வெல்வெட்டும் கடலூர், சிக்கும் கடலூர். சிக் என்ற பெயரே சின்னி கிருஷ்ணன் பெயரிலிருந்து எடுத்ததுதான். எப்படிப் பார்த்தாலும் பெருமை எங்கள் ஊருக்கு. நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள்.

உரைகல்:
ஒரு சின்ன வேண்டுகோள். 'தேவை' என்று யார் எதைச் சொல்கிறீர்கள்? பொருள் இல்லாததா, இருந்தும் விலை எட்டாததா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும்.

பேரேடு:
அதெல்லாம் கல்லூரியில் பேசலாம். காலிப் பாக்கெட்டுக்குப் பதில் வரட்டும்.

வெற்றிக்கொடி:
காலிப் பாக்கெட், காலிப் பாக்கெட்! போன வருஷம் கிரைண்டர் பேச்சிலும் இப்படித்தான், கல்லா மோட்டாரா என்று ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள். அங்கே ஆதாரம் கேட்டபோது காணாமல் போனவர் நீங்கள்தானே?

பேரேடு:
ஊரில் கல்யாணம், போயிருந்தேன். வந்து பார்த்தால் பேச்சைப் பூட்டிவிட்டார்கள். அது கிடக்கட்டும். பதில்?

மளிகைக்கடை:
அண்ணன்மார்களே, கல்லாவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். எங்கள் அப்பா கடையில் ஷாம்பு பாக்கெட் சரம் சரமாக ஆணியில் தொங்கும். வாங்க வருகிறவர் பெயர் சொல்ல மாட்டார். "அந்தப் பச்சையில ஒண்ணு கிழிங்க" என்பார். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் ராத்திரி வியாபாரம் அதிகம். ஒரு பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து, பாதி ஊற்றி, மீதியை வாய் மடித்து சோப்பு டப்பாவுக்கு அடியில் செருகி வைப்பார்கள். அடுத்த வாரத்துக்கு. பாட்டில் வாங்க மொத்தமாகக் காசு வேண்டும், இதற்குச் சில்லறை போதும். இதில் யார் முதல், யார் இரண்டாவது என்று வாங்கினவர் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பேரேடு:
கடைக்காரரே, உங்கள் ஆணியில் தொங்கியது எத்தனை கம்பெனி?

மளிகைக்கடை:
நாலைந்து இருக்கும். ஒரு கம்பெனி சரம் ஒழுகி பக்கத்தில் இருந்த மிளகாய்த்தூள் பாக்கெட் எல்லாம் வழவழ. திருப்பி எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டான். பெயர் வேண்டாம்.

பேரேடு:
நாலைந்து. கேட்டீர்களா, வெற்றிக்கொடி? அந்த நாலைந்தில் நாலு பேருடைய காலிப் பாக்கெட்டைத்தான் சிக் வாங்கிப் போட்டது.

சீயக்காய்க்காரி:
தேவை, தேவை என்கிறீர்கள். தலைக்குக் குளிக்க எங்களுக்கு என்ன குறை இருந்தது? சீயக்காய், வெந்தயம், பூலாங்கிழங்கு போட்டு மில்லில் அரைத்தால் மாசக்கணக்கில் வரும். ஊருக்குள் வேன் போட்டு, ஒரு பையன் தலையில் ஷாம்பு தேய்த்து, "தொட்டுப் பாருங்கள், எவ்வளவு மெத்தென்று இருக்கிறது" என்று காட்டி, கையில் இலவசப் பாக்கெட் கொடுத்து விற்றார்கள். நிஜமாகவே தேவை இருந்தால் பையன் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வானேன்?

வெற்றிக்கொடி:
அக்கா, சீயக்காய் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். விடிகாலை வேலைக்குப் போகிற பெண் அரைத்து, குழைத்து, தேய்த்து, திப்பி போக அலசிக்கொண்டு இருப்பாளா? அதுதான் தேவை. வாய் விட்டுச் சொல்லாத தேவை.

சீயக்காய்க்காரி:
தம்பி, நானும் வேலைக்குப் போனவள்தான். அலசத் தெரியாதவர்களுக்குத்தான் திப்பி நிற்கும். அப்புறம், அதே கம்பெனி மீரா என்று சீயக்காய்த் தூளையும் விற்கிறதே, அது எந்த வாய் விட்டுச் சொல்லாத தேவை?

கெடிலக்கரையான்:
நல்ல கேள்வி. ஆனாலும் அதுவும் கடலூர்க்காரர் மூளைதான்.

பேரேடு:
கடலூர்க்காரரே, கம்பெனி இப்போது சென்னையில். வெல்வெட்டை ஒரு கட்டத்தில் விற்றுக் கொடுத்தது கோத்ரெஜ். உங்கள் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் பெட்டிக்குள் வையுங்கள். வெற்றிக்கொடிக்கு ஒரு கணக்கு. காலிப் பாக்கெட் திட்டத்தில் சிக் விற்பனை மாசம் 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனது. அதுவும் எப்படி? முதலில் எந்தப் பாக்கெட்டும் செல்லும் என்றார்கள். ஆள் பழகியதும் சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். அடுத்தவன் வாடிக்கையாளரை அழைத்து வந்து கதவைச் சாத்துவது. கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை. புதுத் தேவை எங்கே?

வெற்றிக்கொடி:
மல்லிகை, ரோஜா வாசனை போட்டதும் விற்பனை ஏறியதே, அதைச் சொல்ல மாட்டீர்களே! பூ வாங்கக் காசில்லாத நாளிலும் தலையில் பூ வாசம் வேண்டும் என்று நினைக்கிற பெண்ணை அவர் பார்த்தார். பெரிய கம்பெனிகள் பார்க்கவில்லை. சன்சில்க் ஷாம்பு இந்தியாவுக்கு வந்தது 1964. பக்கத்துத் தெருப் பெட்டிக்கடைக்கு அது எப்போது வந்தது?

பேரேடு:
நடிகை அமலாவை விளம்பரத்தில் போட்டதும் மாசம் ஒரு கோடி தொட்டது. அதையும் பூ வாசக் கணக்கில் எழுதிவிடலாமா?

உரைகல்:
நான் கேட்டது அப்படியே கிடக்கிறது. விலை எட்டாததும் தீராத தேவைதானே?

பேரேடு:
விலை என்று இறங்கினால் சிக் 50 பைசாவுக்கு வந்தது எவ்வளவோ பின்னால். ஆரம்ப காலக் காலிப் பாக்கெட்டை அது எப்படி விளக்கும்?

வெற்றிக்கொடி:
காலிப் பாக்கெட் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? தெருவுக்கு நாலு வீடு. மீதி வீட்டுக்காரர்கள் அந்தப் பாக்கெட்டைத் தேடிப் பொறுக்கியே ஷாம்புவுக்குப் பழகினார்கள். பிள்ளைகள் குப்பை மேட்டில் பொறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

பேரேடு:
பொறுக்கினாலும் போட்டவர் ஒருவர் உண்டல்லவா? அந்த அஞ்சு பாக்கெட் யாருடையது?

ஏரிக்கரை:
குப்பை மேடு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தெருச் சாக்கடையைத் தூர் வாரினால் வருவதில் முக்கால்வாசி இந்த ஷாம்பு, குட்கா பாக்கெட்தான். பல அடுக்குப் பிளாஸ்டிக், பழைய இரும்புக்காரர்கூட எடுக்க மாட்டார். 2016 பிளாஸ்டிக் விதியில் குட்கா சாஷேவுக்குத் தடை போட்டார்கள், ஷாம்புவைத் தொடவில்லை. இந்தப் புதுப் பொருளுக்குப் பாராட்டு விழா வேறு.

கெடிலக்கரையான்:
பால் பாக்கெட்டும் பிளாஸ்டிக்தான். அதையும் நிறுத்திவிடலாமா?

ஏரிக்கரை:
பால் பாக்கெட்டுக்கு எடைக்குக் காசு தருகிறார்கள். தெரியாவிட்டால் உங்கள் வீட்டம்மாவைக் கேளுங்கள்.

கெடிலக்கரையான்:
வீட்டம்மா வரைக்கும் போக வேண்டாம், சொல்லிவிட்டேன்.

பேரேடு:
சாக்கடைக்குத் தனியாக ஒன்று ஆரம்பியுங்கள், நானும் வருகிறேன். இங்கே பேச்சு சிக்.

வெற்றிக்கொடி:
நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மேலே போய்ப் படியுங்கள்.

பேரேடு:
படித்தேன். அப்பா இருக்கிறார், மல்லிகை இருக்கிறது, குப்பை மேடும் இருக்கிறது. பதில் இல்லை.

மளிகைக்கடை:
நடுவில் ஒன்று கேட்கலாமா? அந்தக் காலிப் பாக்கெட்டை எல்லாம் எண்ணி வாங்கி வைத்தது கடைக்காரன். அதற்குக் கமிஷன் உண்டா, இல்லையா? இதில் யாருக்காவது தெரியுமா?

பேரேடு:
உங்கள் அப்பாவைக் கேளுங்கள். வெற்றிக்கொடி, எங்கே போய்விட்டீர்கள்?